முழங்கையால் மூச்சு விடுதல்: அயர்லாந்துக் குழல் பழக விரும்புவோருக்கு

சென்ற மாதம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். புல்லாங்குழல் வாசிப்பவர், வயது இருபத்திரண்டு. "அண்ணா, அந்த அயர்லாந்துப் பைக்குழலை நானும் பழக வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்றார். அன்று மாலை அவருக்குச் சொன்னதையும், அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் 'இதைச் சொல்லாமல் விட்டோமே' என்று நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வத்தலக்குண்டுப் பக்கத்து நாயனக் குடும்பம். அப்பா காலத்தில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லுக்குக் குடிவந்தோம். திருமணம், கோயில் திருவிழா, காதுகுத்து என்று மலை முழுக்க வாசித்திருக்கிறோம். 1997இல் ஒரு திருமண ஊர்வலத்தில் என் வாசிப்பைக் கேட்ட முதிய கன்னியாஸ்திரி ஒருவர் மறுநாள் வீடு தேடி வந்து ஒரு கேசட்டைக் கொடுத்தார். அயர்லாந்துக்காரர், இங்கே பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். "இதில் குழல் வாசிப்பவரும் உங்களைப் போல இரட்டைச் சீவாளிக்காரர்தான், கேளுங்கள்" என்றார். சீவாளி என்பது நாயனத்தில் ஊதும் இடத்தில் பொருத்தும் நாணல் தகடு. அந்தக் கேசட் தேய்ந்து அறுந்துபோகும் வரை கேட்டேன். கருவி என் கைக்கு வர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

முதலில் பெயர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'உய்லியன்' என்று படிக்கத் தோன்றும். 'இலன் பைப்ஸ்' என்று சொல்லுங்கள். முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. யூனியன் பைப்ஸ் என்று பழைய பெயரும் உண்டு. குடியரசு நாள் அணிவகுப்பில் ராணுவ பேண்டுக்காரர்கள் தோளில் சாய்த்துக்கொண்டு ஊதிச் செல்வது ஸ்காட்லாந்துக் கருவி. அதை வாயால் ஊதுகிறார்கள், நின்றும் நடந்தும் வாசிக்கிறார்கள், ஒன்பது ஸ்வரங்களோடு முடித்துக்கொள்கிறார்கள். நான் சொல்லும் கருவியை உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். வாய்க்கு வேலையே இல்லை. வலது அக்குளின் கீழ் ஒரு துருத்தி, இடது அக்குளின் கீழ் தோல் பை, கையில் விரல் வைக்கும் குழல். அந்தக் குழலுக்கு சாண்டர் என்று பெயர். அதில் முழுதாக இரண்டு ஸ்தாயி பேசும். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கும் அளவுக்குத்தான் சத்தம்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான ஏற்பாடும் இல்லை. ஆட்டுத்தோல் பையில் சுருதி கூட்டுகிற துத்தி என்ற கருவி தமிழ்நாட்டில் இருந்தது. துருத்தியோ கொல்லன் உலையிலிருந்து நமக்குத் தெரிந்த பொருள். இந்த இரண்டையும் ஒருவர் உடம்பில் பூட்டி, கீழே ஒரு சிறிய நாயனத்தையும் பொருத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவி வாங்கும் முன் ஓராண்டாவது கேளுங்கள். இந்த இசையை யாரும் இன்னும் உங்கள் காதில் போடவில்லை. அதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். கீரவாணியும் தோடியும் நமக்கு எந்த வயதில் தெரிந்தன என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. தொட்டிலிலேயே காதில் விழுந்துவிட்டன. அதற்கு ஈடாக எதையாவது செய்தாக வேண்டும். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜானி டோரன், 1947இல் பதிவானவர். குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர், காட்டாறு மாதிரிப் பாய்ச்சல். வில்லி கிளான்சி, கிளேர் மாவட்டத்துக்காரர், 1973இல் மறைந்தார். ஷேமஸ் என்னிஸ், 1982இல் மறைந்தவர்; நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேகரிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் ஒரு பாட்டு நிற்பது அவர் வாசிப்பில் தெரியும். லியாம் ஓ'ஃபிளின், நம் காலத்தவர், 2018இல் போனார். சுத்தம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்கலாம். அமெரிக்காவில் குடியேறி, மெழுகு உருளைகளில் பதிவு செய்த பேட்ஸி டூஹி என்பவரையும் பிறகு கேளுங்கள். முதலில் இந்த நால்வர் போதும்.

ஒரே மெட்டை இருவர் வாசிப்பதை அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று பிடிபடும். ஒருவர் ஸ்வரங்களைத் துண்டு துண்டாக நறுக்கி வைப்பார். இன்னொருவர் விரலைத் திறந்தபடியே வைத்து ஒன்றோடொன்று வழியவிடுவார். முன்னதை இறுக்கமான பாணி என்றும் பின்னதைத் திறந்த பாணி என்றும் சொல்கிறார்கள். நாயனத்தில் துத்துகாரம், அதாவது நாக்கால் தட்டி ஸ்வரங்களைப் பிரிப்பதை, கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே விளங்கும். எது உங்களுடையது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் கையில் ஒரு டின் விசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு துளை, டி சுருதி, அதாவது நம் கணக்கில் இரண்டு கட்டை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அயர்லாந்திலும் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். விசிலில் படித்த மெட்டுகள் அப்படியே குழலுக்கு வரும். விரல் வைக்கும் முறை முழுதும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பண்ணைக்காட்டுத் தம்பியிடம் என் பழைய விசிலையே கொடுத்து அனுப்பினேன். பஸ்ஸிலேயே எடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

வாங்கும்போது முழுக்கருவிக்கு ஆசைப்படாதீர்கள். பயிற்சிக் கருவி என்று ஒன்று உண்டு: துருத்தி, பை, சாண்டர், அவ்வளவுதான். அதில் மூன்று சுருதிக் குழல்களைச் சேர்த்தால் அரைக் கருவி. அதற்கும் மேல் ரெகுலேட்டர் என்ற சாவிக் குழல்களையும் சேர்த்தால் முழுக் கருவி. நல்ல கைவினைஞரிடம் சொல்லிவைத்தால் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருக்க வேண்டும். காத்திருங்கள். நான் முதலில் பொறுமையிழந்து, இணையத்தில் மலிவாக விற்ற ஒன்றை வாங்கினேன். பளபளவென்று இருந்தது, ஒரு ஸ்வரம் சுருதியில் நிற்கவில்லை, பையில் மூன்று இடத்தில் காற்று ஒழுகியது. அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் 'எனக்குத்தான் வரவில்லை' என்று நினைத்து உடைந்துபோனேன். கருவி சரியில்லை என்று சொல்லித்தர அருகில் ஆள் இல்லாத நமக்கு மலிவான கருவி வாங்கும் வசதி கிடையாது. 2012இல் ஏறக்குறைய ஆயிரம் யூரோ கொடுத்து ஒழுங்கான பயிற்சிக் கருவி வாங்கினேன். அம்மாவின் சீட்டுப் பணம் அதில் பாதி.

இனி முழங்கை. இந்தக் கருவியில் விரல் இரண்டாவதுதான்.

நாயனத்தில் காற்று வயிற்றிலிருந்து புறப்பட்டு, தொண்டை, வாய், உதடு என்று ஒவ்வொரு படியிலும் நம் கட்டுப்பாட்டில் வருகிறது. சீவாளியை உதடு கவ்வும் அழுத்தத்திலேயே அரை ஸ்வரம் ஏற்றுவோம், இறக்குவோம். இங்கே காற்று போகும் வழியைப் பாருங்கள். வலது முழங்கை துருத்தியை அமுக்குகிறது. காற்று ஒரு தோல் வால்வைத் தள்ளிக்கொண்டு பைக்குள் போகிறது. இடது கை பையை அமுக்கி அதைச் சாண்டருக்கு அனுப்புகிறது. துருத்தி நிரம்பும் நேரத்தில் பைக்குப் புதுக் காற்று வராது, ஆகவே இடது கை மட்டும் வேலை செய்ய வேண்டும். துருத்தி அமுங்கும் நேரத்தில் வலது கை தள்ளுகிறது, ஆகவே இடது கை அதே அளவு இளக வேண்டும். இளகவில்லை என்றால் ஸ்வரம் மேலே துள்ளும். அதிகம் இளகினால் தொய்யும். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் கைமாற்றம் நடக்கிறது, கேட்பவருக்கு அது தெரியவே கூடாது.

இது எனக்கு விளங்கியது பூம்பாறையில். குழந்தை வேலப்பர் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். மலைச்சரிவில் தேர் இறங்கும்போது முன்னால் இழுப்பவர்கள் வேகம் கொடுக்கக் கொடுக்க, பின்னால் பிடித்திருப்பவர்கள் கயிற்றை அங்குலம் அங்குலமாக விடுவார்கள். பிடித்தே நின்றால் தேர் நகராது. சட்டென்று விட்டால் பள்ளத்தில் போய் நிற்கும். நான் தேருக்கு முன்னால் மல்லாரி வாசித்து முடித்து ஓரமாக நின்று, பின்வடம் பிடித்திருந்த ஒரு முதியவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேரைப் பார்க்கவே இல்லை. கயிற்றின் இறுக்கத்தை உள்ளங்கையில் உணர்ந்தே விட்டுக்கொடுத்தார். என் இடது கை செய்ய வேண்டியது அதுதான் என்று அங்கேயே தோன்றியது.

எனவே முதல் ஆறு வாரம் மெட்டு எதுவும் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள்; தரையில் சம்மணமிட்டு இது நடக்காது. துருத்தியின் வாரை இடுப்பில் கட்டும்போது, துருத்தி விலாவோடு படிந்து நிற்க வேண்டும், தொங்கக் கூடாது. முழங்கையை உடம்பை விட்டு அகலமாகத் தூக்காதீர்கள். துருத்தி திறக்கும் அளவுக்குத் தூக்கினால் போதும். தோள் அசையவே கூடாது. சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து, சாண்டரில் பஞ்சமத்தை மட்டும் பிடியுங்கள். ஸ்வரம் நேர்கோடாக நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்காது. துருத்தி ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் ஒரு சிறிய விக்கல் கேட்கும். அந்த விக்கல் மறையும்வரை அந்த ஒரே ஸ்வரத்தில் இருங்கள். நாளைக்கு இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் தோள் இறுகிக் கெட்ட பழக்கம் ஏறிவிடும்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதைப் பல நாள் கேட்டார். ஒருநாள் கதவைத் திறந்து, "வாயில்லாமல் வாசிக்கிறாய், சரி. உயிர் எங்கே வைத்திருக்கிறாய்?" என்றார். நான் முழங்கையைக் காட்டினேன். "அப்படியானால் அதற்கு அகாரம் சொல்லிக்கொடு" என்று சொல்லிவிட்டுப் போனார். குரல் பழகும் பிள்ளை அகாரத்தை நீளமாகப் பிடித்து நிற்பதுபோல முழங்கை ஒரே அழுத்தத்தில் நிற்கப் பழக வேண்டும் என்பது அதன் பொருள். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குப் பாடம் சொன்னதில்லை.

பஞ்சமம் நின்ற பிறகு இரண்டாம் ஸ்தாயி. சாண்டரின் அடிவாய் திறந்திருக்கும். அதை வலது தொடையில் வைத்து அழுத்தினால் அடைபடும். விரல்களும் மூடியிருந்தால் குழல் முழு மௌனம். அப்படி ஒரு கணம் அடைத்து, பையின் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, விரலைத் திறந்தால் ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். எவ்வளவு கூட்டுவது என்பதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். நம்மவர்கள் எல்லோரும் முதலில் அளவுக்கு மேல் அமுக்குவோம், நாயனத்துக்கு வேண்டிய மூச்சு நம் உடம்பில் பதிந்திருப்பதால். பாதியாகக் குறையுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் குறையுங்கள். தொடையில் வேட்டித் துணியின் மேல் வைத்தால் காற்று கசியும். ஒரு தோல் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். நான் தவிலுக்குத் தோல் மூட்டுபவரிடம் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல் கேட்டு வாங்கி, இரு பக்கமும் நாடா தைத்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அதே துண்டு.

விரல்களை நுனியால் வைக்காதீர்கள். புல்லாங்குழல்காரர்களுக்கு இது கடினமாக இருக்கும். விரல்கள் தட்டையாக, குழலுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். துளையை மூடுவது நுனிக்கு மேலே உள்ள சதை. முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று.

நாக்கு இல்லாத வாத்தியம் இது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நாயனத்தில் ஒரே ஸ்வரத்தை இருமுறை சொல்ல நாக்கால் தட்டுவோம். இங்கே காற்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பஞ்சமத்துக்கு நடுவே என்ன செய்வது? மேலே உள்ள ஒரு விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி வைக்க வேண்டும். அந்தச் சிறு வெட்டுதான் இரண்டு ஸ்வரங்களையும் பிரிக்கிறது. இல்லையென்றால் எல்லா விரலையும் மூடிக் கணநேர மௌனத்தை நடுவில் வைக்கலாம். கேசட்டில் கேட்டு 'அழகுக்காகச் சேர்த்த பிருகா' என்று நான் நினைத்திருந்ததெல்லாம் உண்மையில் இந்த வாத்தியத்தின் நாக்கு. அழகு பிறகு வந்து சேர்ந்தது.

இதிலிருந்து ரோல் வருகிறது: ஸ்வரம், மேலிருந்து ஒரு வெட்டு, மீண்டும் ஸ்வரம், கீழ்விரலால் ஒரு தட்டு, மீண்டும் ஸ்வரம். மூன்று முறை சொன்ன ஸ்வரம் ஒரே அசைவாகக் கேட்கும். அடி ஸட்ஜத்துக்குக் கீழே தட்டுவதற்கு வேறு ஸ்வரம் இல்லை. அதற்காகக் கண்டுபிடித்ததுதான் கிரான். மேல்விரல்களை வேறு வேறு வரிசையில் அடுத்தடுத்து விரைவாகத் தூக்கி, அடி ஸ்வரத்தைக் குமிழியிடும் ஒலியாக மாற்றுவது. கொள்ளு கொதிக்கிற சத்தம் என்பாள் என் மகள். முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

மெட்டுக்கு வருவோம். ராகம் தெரிந்தவர்களுக்கு இங்கே பாதி வேலை மிச்சம். இந்த மெட்டுகளில் பெரும்பாலானவை சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரஹரப்பிரியா ஆகிய மேளங்களின் ஸ்வரங்களுக்குள் அடங்கும். எப்போதாவது நடபைரவி. ஆனால் ஸ்வரத்தானம்தான் ஒன்று, பேச்சு வேறு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பார்த்தவுடன் நம் விரல் அசைக்கப் போகும். அசைக்காதீர்கள். நான் ஒரு மெதுவான பாட்டில் நிஷாதத்தில் லேசாகக் கமகம் வைத்தேன். பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் பொறுமையாக, "நன்றாக இருக்கிறது, ஆனால் அது வேறு ஊர்க்காரரின் பேச்சு" என்றார். அவர் சொன்னது சரி. தெலுங்குக் கீர்த்தனையைப் பொருள் தெரியாமல் சந்தி பிரித்துப் பாடினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

தாளம்தான் ஏமாற்றும். ஜிக், ரீல், ஸ்லிப் ஜிக் எல்லாம் அங்கே ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டு வகைகள். ஜிக் என்பது தகிட தகிட. ரீல் என்பது தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக்கில் ஓர் ஆவர்த்தனத்துக்கு மூன்று தகிட. இப்படிச் சொன்னதும் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். வாசித்துப் பாருங்கள், இயந்திரம் ஓடுவதுபோல இருக்கும். ஏனென்றால் ஜிக்கின் தகிடவில் மூன்று அட்சரமும் சமம் இல்லை. 'த' சற்று நீள்கிறது, 'கி' ஒதுங்கிக்கொள்கிறது, 'ட' அடுத்த 'த'வைப் போய்த் தொடுகிறது. எவ்வளவு நீளம் என்று கணக்குச் சொல்ல முடியாது. இது ஆடுபவர்களின் காலிலிருந்து வந்த தாளம். நான் பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, வாத்தியம் இல்லாமல் கொன்னக்கோலாகச் சொல்லிச் சொல்லித்தான் பிடித்தேன். ஏழு ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவேன்.

ஒரு மெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதி. பகுதிக்கு எட்டு ஆவர்த்தனம், ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, முழுதையும் மறுபடி தொடங்குவார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மாற்றம் இருக்கும்: ஒரு ரோலின் இடத்தில் மூன்று நறுக்குகள், ஒரு நீண்ட ஸ்வரத்தின் இடத்தில் ஒரு நடை. நம் சங்கதி போலத்தான், ஆனால் மிக அடக்கமானது. பல்லவியில் பத்துச் சங்கதி அடுக்கிப் பழகிய கைக்கு அடக்கம் வருவதுதான் சிரமம். எழுதிய ஸ்வரத்தை நம்பி இராதீர்கள். சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903இல் 1,850 மெட்டுகளை ஒரே தொகுப்பாக அச்சிட்டார். பெரும் சேவை, இன்றும் எல்லோரும் அதைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் தாளில் இருப்பது எலும்பு. சதையைக் காதுதான் கொண்டுவரும். ஒரு மாதத்துக்கு இரண்டு மெட்டு, அதற்கு மேல் போகாதீர்கள்.

மெதுவான பாட்டுகளை நம்மவர்கள் முதலில் எடுப்பார்கள், ஆலாபனை மாதிரி ஒலிப்பதால். அவற்றைத் தள்ளிவையுங்கள். அவை ஐரிஷ் மொழிப் பாடல்கள். சாகித்யம் தெரியாமல் கீர்த்தனையை நாயனத்தில் வாசிக்காதே என்று அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்தார். எந்த எழுத்தில் மூச்சு விடுவது என்று வார்த்தைதான் சொல்லும். அதே நியாயம் இங்கும். பாடுபவர் ஒருவரின் பதிவைக் கேட்டு, வரிகளின் பொருளையும் தெரிந்துகொண்ட பிறகு தொடுங்கள்.

இனி மலையில் இருப்பவர்களுக்கு முக்கியமானது: சீவாளி. அவர்கள் ரீட் என்கிறார்கள்.

நம் சீவாளி காவிரிக்கரை நாணலில் பிறந்தது. சாண்டரின் ரீட் மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒருவகைப் பெருநாணல். இரண்டுமே இரட்டைத் தகடு, பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் நம் சீவாளி எச்சிலில் நனைந்தால்தான் பேசும். சாண்டரின் ரீட் ஒருநாளும் நனையவே கூடாது. வாயால் ஊதாமல் துருத்தி வைத்திருப்பதன் பயனே அது: உலர்ந்த காற்று மட்டும் போவதால், மெல்லியதாகச் சீவிய ரீட் இரண்டு ஸ்தாயியும் நுணுக்கமாகப் பேசுகிறது. இது தெரிந்திருந்தும், கருவி வந்த மூன்றாம் வாரம், ஸ்வரம் கரகரத்தபோது, முப்பது ஆண்டுப் பழக்கத்தில் ரீட்டைக் கழற்றி நாக்கில் வைத்துவிட்டேன். ஒரு நொடிதான். தகடு வளைந்துவிட்டது, பிறகு அது பேசவே இல்லை. புது ரீட் தபாலில் வந்து சேர ஏழு வாரம். நாயனக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ரீட்டைக் கழற்றும்போது வாயை இறுக மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பனிமூட்டம். கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து உட்காரும். காற்றின் ஈரத்தில் ரீட்டின் வாய் விரியும், அழுத்தம் அதிகம் கேட்கும், சுருதி கீழே போகும். தை, மாசியில் காற்று காய்ந்துவிடும். வாய் குவிந்து, சுருதி ஏறி, அடி ஸட்ஜம் நிற்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவும். ரீட்டின் மேல் ஒரு செம்புப் பட்டை சுற்றியிருக்கும். அதை மயிரிழை அளவு மேலே கீழே நகர்த்தி வாயைச் சரிசெய்யலாம். ஆனால் இன்று தொட்டால் நாளை திரும்பத் தொட வேண்டிவரும். ஆகவே பட்டையைத் தொடும் முன் இடத்தைச் சரிசெய்யுங்கள். நான் பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்றும் சிலிக்கா பொட்டலமும் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பெட்டி படுக்கையறை அலமாரியில், துணிகளுக்கு நடுவே. அடுப்பங்கரையில் வைத்தால் ஒரே நாளில் காய்ந்து கெடும். முள் எங்கே நிற்கிறது, அன்று ரீட் எப்படிப் பேசியது என்று ஒரு நோட்டில் ஓராண்டு எழுதுங்கள். இரண்டாம் ஆண்டு அந்த நோட்டே உங்களுக்கு ஆசிரியர். எக்காரணம் கொண்டும் கத்தியால் சீவாதீர்கள். சீவாளி சீவத் தெரியும் என்ற தைரியத்தில் ஒன்றைப் பாழாக்கிய பிறகே இதைச் சொல்கிறேன்.

ஒரு ஸ்வரம் மட்டும் சுருதி ஏறி நின்றால், அதன் துளையின் மேல் ஓரத்தில் சிறு ஒட்டுநாடா ஒட்டினால் இறங்கும். நாயனத்தின் கீழ்த்துளையில் மெழுகு அடைப்பதன் தம்பி இது.

ஆசிரியர் இல்லாமல் முடியுமா? முடியாது. ஆசிரியர் இங்கே வர வேண்டியதில்லை. டப்ளின் நகரில் ஹென்ரியட்டா தெருவில் 'நா பீபரி இலன்' என்ற குழல்காரர்களின் சங்கம் இருக்கிறது. 1968இல், இந்த வாத்தியம் கைவிட்டுப் போய்விடுமோ என்று கவலைப்பட்டவர்கள் கூடித் தொடங்கியது. பாடக் காணொளிகளையும் பழைய பதிவுகளையும் அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்தக் குழலிசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கிளான்சி மறைந்த 1973ஆம் ஆண்டிலேயே அவர் ஊரான மில்டவுன் மால்பேயில் அவர் பெயரில் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கிறது. நான் இன்னும் போகவில்லை. போவதற்காகத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன்.

என் பாடம் இணையத்தில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அயர்லாந்து நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால், அவர்களின் கோடையில் நான்கரை. நமக்கு இரவு ஒன்பது என்றால் அவர்களுக்குப் பிற்பகல். மழை பெய்தால் இணைப்பு அறுந்துபோகும். ஆகவே முன்கூட்டியே வாசித்துப் பதிவு செய்து அனுப்பிவிடுவேன். பாடத்தில் அதைப் பற்றிப் பேசுவோம். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, காமிராவை இரு முழங்கைகளும் தெரியும்படி வையுங்கள். நல்ல ஆசிரியர் அங்கேதான் பார்ப்பார்.

குழல்காரன் உருவாக இருபத்தொரு ஆண்டு என்று அங்கே ஒரு பேச்சு வழங்குகிறது: ஏழாண்டு பாடம், ஏழாண்டு பயிற்சி, ஏழாண்டு வாசிப்பு. தம்பியிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. நான் இரண்டாவது ஏழில் இருக்கிறேன், ஒருநாளும் சலிக்கவில்லை என்று சொன்னேன்.

சுருதிக் குழல்களை முதல் மூன்றாண்டு முடியும் முன் சேர்க்காதீர்கள். நான் ஏழாவது ஆண்டில் சேர்த்தேன். மூன்று குழல்: ஒன்று சாண்டரின் அடி ஸட்ஜம், அடுத்தது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, மூன்றாவது இரண்டு ஸ்தாயி கீழே. இவையும் அதே பையிலிருந்துதான் மூச்சு வாங்குகின்றன. உங்கள் முழங்கையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு விக்கலையும் இவை ஊருக்குச் சொல்லிவிடும். ரெகுலேட்டர் பற்றி எழுத எனக்கு இன்னும் தகுதி இல்லை. வலது மணிக்கட்டால் சாவிகளை அழுத்தி உடன்சுருதி கூட்டுவது என்பது மட்டும் போதும்.

சுருதி சேர்க்கும்போது சிறியதில் தொடங்குங்கள். மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டு, முதல் குழலின் நுனியை இழுத்தும் தள்ளியும் சாண்டரோடு பொருத்துங்கள். இரண்டு ஒலிக்கும் நடுவே அலை அடிப்பது கேட்கும். அது மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும். அங்கே விடுங்கள். பிறகு நடுக்குழல், கடைசியில் பெரியது. பெரியதன் அலை மிக மெதுவானது, வாசிப்பவர் காதுக்கு எட்டாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து சொல்வது நல்லது. எங்கள் வீட்டில் அது அப்பா. நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்துக் குழலை அறுபது ஆண்டு கேட்ட காது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் கீழே, இன்னும் கீழே, கொஞ்சம் மேலே என்று அசைப்பார். விரல் நின்றதும் நான் கையை எடுத்துவிடுவேன்.